முதலில் வெப்பமானி, பிறகு அடுப்பு

என் தங்கை மகள் திருவனந்தபுரத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் காலையில் களியக்காவிளை வரை தமிழ்நாட்டு பஸ், அங்கே இறங்கி கேரள பஸ். போன ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "மாமா, இந்த மாதக் கடைசிக்குள் எந்தத் துகள் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆறு இருக்கிறது. நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்" என்றாள்.

அவள் எடுத்திருக்கும் பொருள் இது: உடல் திசுவுக்குள் நானோதுகள்களைச் செலுத்தி, வெளியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சி, கட்டி இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்க வேண்டும். அங்கே எத்தனை டிகிரி ஆகியிருக்கிறது என்பதையும் உள்ளே இருக்கும் துகளே தன் ஒளியால் சொல்ல வேண்டும். தாளில் இருந்த ஆறு பெயர்கள்: தங்க நானோகோல், தங்க ஓட்டுத் துகள், இண்டோசயனின் பச்சை என்ற சாயம், இட்டர்பியமும் எர்பியமும் கலந்த மேல்மாற்றத் துகள், நியோடிமியம் கலந்த லாந்தனம் புளோரைடு, வெள்ளி சல்பைடு குவாண்டம் புள்ளி என்ற மிகச்சிறு குறைக்கடத்திப் படிகம். முதல் மூன்றும் சூடாக்குபவை. அடுத்த மூன்றும் சூட்டைச் சொல்பவை. நியோடிமியத்துக்கு நேராக மட்டும் "இரண்டும் செய்யும்" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தாள்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். என் ஆய்வுக்காலத்தில் எர்பியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் கலந்த கண்ணாடிகளின் ஒளிர்வை அளந்தேன். அதனால் என்னிடம் கேட்டாள். அன்று திண்ணையில் பேசியதையும், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். இதே முடிவை எடுக்க வேண்டிய வேறு மாணவர்களும் இருப்பார்கள்.

அவள் கையில் இருக்கும் கருவிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். 808 நானோமீட்டர் அலைநீள டயோடு லேசர் ஒன்று. சிலிக்கான் உணர்வியுடன் கூடிய நிறமாலைமானி ஒன்று, அது ஏறக்குறைய 1000 நானோமீட்டர் வரைதான் பார்க்கும். அடுத்த ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கக்கூடிய ஒளியிழை வெப்பமானி ஒன்று. 1000 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பைப் பார்க்கும் இண்டியம் காலியம் ஆர்சனைடு கேமரா இல்லை. வாங்குவதற்கான பணமும் இப்போதைக்கு இல்லை. விலங்குகளில் செய்து பார்ப்பது மூன்றாம் ஆண்டில்தான். அதுவரை திசுவுக்குப் பதில் அகரோஸ் என்ற கடற்பாசிக் கூழும் கோழிக் கறியும்.

எல்லோரும் சூடாக்கும் துகளைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவளும் அப்படித்தான் தொடங்கியிருந்தாள். எந்தத் துகள் அதிகச் சூடு தரும், ஒளியை வெப்பமாக்கும் மாற்றுத்திறன் எதற்கு எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தை மூடி வைக்கச் சொன்னேன். என் அப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையை அவளும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். தீ மூட்டுவது அங்கே ஒரு வேலையே இல்லை. ரப்பர் விறகும் தேங்காய்த் தொண்டும் எப்போதும் கிடைக்கும். 40 டிகிரிக்குக் கீழே போனால் ஷீட் காயாமல் பூசணம் பிடிக்கும், 60ஐத் தாண்டினால் கொப்புளம் கிளம்பி விலை போகாது. இடைப்பட்ட அந்த இருபது டிகிரிக்குள் வைத்திருப்பதுதான் அப்பாவின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தது. கதவில் மாட்டிய வெப்பமானி கதவின் சூட்டைச் சொன்னது. நடுக்கொடியில் தொங்கிய ஷீட்டின் சூட்டை அது சொல்லவில்லை.

திசுவில் அந்த இடைவெளி இருபது டிகிரி கூட இல்லை. 1984இல் சப்பரேட்டோவும் டூயியும் வகுத்த வெப்ப அளவுக் கணக்கை இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். 43 டிகிரியில் 60 நிமிடம் தரும் விளைவை 44இல் 30 நிமிடம் தரும், 45இல் 15 நிமிடம் தரும். 43க்கு மேலே ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகிறது. கீழே இறங்கினால் இன்னும் கொடுமை: 42இல் அதே விளைவுக்கு 240 நிமிடம் வேண்டும். அதாவது 45 என்று நினைத்து 15 நிமிடம் லேசரைக் காட்டிவிட்டு, உண்மையில் உள்ளே 43 மட்டுமே இருந்திருந்தால், கட்டி பெற்றது கால் பங்கு சிகிச்சை. 43 என்று நினைத்தது 45ஆக இருந்திருந்தால், சுற்றியுள்ள நல்ல திசு நான்கு மடங்கு வெந்திருக்கும். 50, 60 டிகிரிக்குக் கொண்டுபோய் கட்டியை நேரடியாகப் பொசுக்கும் முறையில் உள்ளே எத்தனை என்பது அவ்வளவு முக்கியமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பொசுங்கும் இடத்தின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது அங்கேயும் ஓரிரு டிகிரியில்தான் தீர்மானமாகிறது. ஆகவே முதல் தேர்வு வெப்பமானி, அடுப்பைப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

வெப்பமானி என்றால் துகள்தான் வேண்டுமா, வேறு வழிகள் இல்லையா என்று அவள் கேட்டது சரியான கேள்வி. அகச்சிவப்புக் கேமரா தோலின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். உள்ளே அரை சென்டிமீட்டரில் நடப்பது அதற்குத் தெரியாது. தெர்மோகப்பிள் ஊசியை உள்ளே செருகலாம், ஆனால் அதன் உலோக நுனியே லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகிவிடும். என் ஆய்வுக்காலத்தில் ஒரு மாதம் முழுவதும் நான் அளந்த எண்கள் இப்படிக் கெட்டுப்போயின. லேசரை அணைத்த நொடியில் வாசிப்பு செங்குத்தாக விழுந்ததைப் பார்த்தபிறகே, இத்தனை நாள் கண்ணாடியை விட்டுவிட்டு ஊசி நுனியை அளந்துகொண்டிருந்தேன் என்று புரிந்தது. நுனியில் ஒளிர்பொருள் பூசிய ஒளியிழை வெப்பமானி இதைவிட நல்லது, ஆனால் ஒரு புள்ளியை மட்டும் சொல்லும், குத்தவும் வேண்டும். காந்த அதிர்வுப் படக்கருவி வெப்பநிலையையும் சொல்லும். நீரின் புரோட்டான் அதிர்வெண் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 0.01 பங்கு நகர்வதை வைத்து ஏறக்குறைய ஒரு டிகிரி துல்லியத்தில் உள்ளே வரைபடம் போட்டுவிடும். மருத்துவமனைக்கு அது பொருந்தும். ஆய்வு மாணவியின் மேசைக்குப் பொருந்தாது.

இனித் துகள்கள். சூட்டைச் சொல்லும் மூன்றையும் ஒரே கேள்வியால் எடைபோட வேண்டும்: இதன் ஒளி திசுவைத் தாண்டி வரும்போது சொன்ன சொல் மாறாமல் வருமா?

எர்பியம் துகளின் கவர்ச்சி பெரியது. இட்டர்பியம் 980 நானோமீட்டர் அகச்சிவப்பை வாங்கி எர்பியத்துக்குக் கொடுக்க, அது பச்சை ஒளியாக வெளிவருகிறது. குறைந்த ஆற்றல் ஃபோட்டான்கள் சேர்ந்து அதிக ஆற்றல் ஃபோட்டானாவதை 1966இல் பிரான்சில் ஓசெல் விளக்கினார். பச்சையில் இரண்டு கோடுகள் உண்டு, ஏறக்குறைய 525, 545 நானோமீட்டர். இரண்டும் அருகருகே உள்ள இரு ஆற்றல் நிலைகளிலிருந்து வருவதால், சூடு ஏற ஏற மேல்நிலையில் கூட்டம் கூடி, 525 கோடு 545ஐ ஒப்பிட வலுக்கிறது. இந்த விகிதம் போல்ட்ஸ்மன் விதிப்படி செல்கிறது. உடல் வெப்பநிலையில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 1.1 சதவீதம் மாறும். 2010இல் வெட்ரோனும் அவருடன் பணியாற்றியவர்களும் ஹீலா என்ற, ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் வகையின் உயிருள்ள செல்லுக்குள் இதை வைத்து 25 முதல் 45 டிகிரி வரை அளந்து காட்டினார்கள். அந்தக் கட்டுரையை முதன்முதலில் படித்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கண்ணாடியில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அதே இரு கோடுகள் ஒரு செல்லுக்குள் வெப்பமானியாகிவிட்டன.

ஆனால் செல்லின் தடிமன் மைக்ரோமீட்டர் கணக்கு. திசு மில்லிமீட்டர் கணக்கு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் 542 நானோமீட்டர் அருகே உச்சமாக உறிஞ்சுகிறது. அதாவது எர்பியத்தின் இரு கோடுகளில் ஒன்று ரத்தத்தின் உச்சிமீதே வந்து உட்கார்ந்திருக்கிறது. ரத்தம் கூடினால் 545 மட்டும் அதிகமாகக் குறையும், விகிதம் ஏறும், சூடு ஏறியதாக எண் சொல்லும். சூடு பட்ட திசுவில் ரத்த ஓட்டம் கூடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பொய் சொல்வதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை. போதாக்குறைக்கு 980 நானோமீட்டரில் நீர் வலுவாக உறிஞ்சுகிறது. தோலுக்கு அனுமதிக்கப்பட்ட ஒளி அளவு 808இல் சதுர சென்டிமீட்டருக்கு 0.33 வாட், 980இல் 0.73 வாட். இந்த எண்ணைப் பார்த்து 980 பாதுகாப்பானது என்று ஏமாந்துவிடக் கூடாது. துகளே இல்லாவிட்டாலும் அந்த லேசர் வழியில் உள்ள நீரையெல்லாம் சூடாக்கிக்கொண்டு போகும். செல்களை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவிக்கு எர்பியத்தைச் சொல்லியிருப்பேன். இவளுக்கு வேண்டாம்.

வெள்ளி சல்பைடு புள்ளிகள் நேர் எதிர். ஏறக்குறைய 1200 நானோமீட்டரில் ஒளிர்வதால் திசுவைத் தாண்டி நன்றாக வருகிறது. சூட்டுக்கு ஒரு டிகிரிக்கு 3 முதல் 4 சதவீதம் வரை மாறுகிறது. எலிகளின் தோலுக்கடியில் வைத்து அழகாக அளந்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அங்கே அளப்பது ஒரே பட்டையின் ஒளிச்செறிவை. துகள் கொஞ்சம் இடம் பெயர்ந்தாலும், லேசர் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும், எலி மூச்சு விட்டாலும் ஒளிச்செறிவு மாறும். அது சூட்டின் மாற்றமா, நகர்வின் மாற்றமா என்று பிரிக்க முடியாது. இதற்கெல்லாம் மேலாக, அவளுடைய சிலிக்கான் உணர்விக்கு 1200 என்ற எண்ணே தெரியாது. எனவே இந்த விவாதம் இங்கேயே முடிந்தது.

மிஞ்சியது நியோடிமியம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு, மறைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் அதைக் கண்டுபிடித்தார்கள். அன்று அவர்களுக்கு வேண்டியது அதிலிருந்த தோரியம். வாயு விளக்கின் வலைத்திரிக்கு அதுதான் மூலப்பொருள். அந்தத் திரியை உருவாக்கிய ஆவுர் வான் வெல்ஸ்பாக் என்பவரே 1885இல் டிடிமியம் என்ற ஒரே தனிமமாக எண்ணப்பட்டதைப் பிரித்து அதற்குள் நியோடிமியமும் பிரசியோடிமியமும் இருப்பதைக் காட்டியவர். கல்யாண வீட்டுப் பெட்ரோமாக்ஸ் ஒளியும், இப்போது இவள் தேர்ந்தெடுக்கப்போகும் துகளும் ஒரே மணலின் பிள்ளைகள். இதைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த மகிழ்ச்சிக்காகவே இன்னொரு முறை சொல்லலாம்.

பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், கணக்கு என்ன சொல்கிறது? நியோடிமியம் 808 நானோமீட்டரை நன்றாக உறிஞ்சும். அவளிடம் இருக்கும் லேசர் அதுதான். வெளிவரும் ஒளியில் ஒரு பகுதி 860 முதல் 900 நானோமீட்டருக்குள் இருக்கிறது. சிலிக்கான் அதைப் பார்க்கும், ரத்தமும் நீரும் அங்கே அதிகம் குறுக்கிடுவதில்லை. லாந்தனம் புளோரைடில் நியோடிமியத்தின் மேல்நிலை இரண்டாகப் பிளந்து, ஏறக்குறைய 863, 885 என்று இரு கோடுகள் தருகிறது. இவற்றின் விகிதமே வெப்பமானி.

குறை எங்கே என்றால் உணர்திறனில். அந்த இரு உபநிலைகளுக்கிடையே இடைவெளி மிகக் குறைவு என்பதால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.15 சதவீதம்தான் மாறும். எர்பியத்தின் ஏழில் ஒரு பங்கு. அரை டிகிரியைப் பிரித்தறிய விகிதத்தை 0.075 சதவீதத் துல்லியத்தில் அளக்க வேண்டும். ஃபோட்டான் எண்ணிக்கையின் இயல்பான இரைச்சலை மட்டும் கணக்கில் எடுத்தால்கூட ஒவ்வொரு கோட்டிலும் சுமார் 35 லட்சம் ஃபோட்டான்கள் சேர வேண்டும். எர்பியத்துக்கு 66 ஆயிரம் போதும். அவள் தாளில் நியோடிமியத்துக்கு எதிரே "உணர்திறன் மோசம்" என்று எழுதியிருந்ததற்கு இதுதான் காரணம்.

நான் அந்த வரியை அடித்துவிடச் சொன்னேன். 35 லட்சம் ஃபோட்டான் பயமுறுத்தும் எண்ணாகத் தெரியலாம். ஆனால் அது நேரத்தால் தீரும் குறை: ஐந்து நொடி சேர்த்துப் பத்து முறை சராசரி எடுத்தால் வந்துவிடும். திசுவின் சூடு நொடிக்கு நொடி தாவுவதில்லை. எர்பியத்தின் குறை நேரத்தால் தீராது. பத்து மணி நேரம் அளந்தாலும் ரத்தம் ஏற்றிச் சொன்ன எண் ஏற்றிச் சொன்ன எண்ணாகவே நிற்கும். நியோடிமியத்தின் இரு கோடுகளும் ஏறக்குறைய இருபது நானோமீட்டர் தள்ளி, திசுவின் உறிஞ்சல் தட்டையாக இருக்கும் பகுதியில் நிற்பதால், தடிமன் கூடும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் மங்குகின்றன. விகிதம் அதிகம் கலையாது. கட்டுரைகளின் அட்டவணையில் உணர்திறன் என்ற பத்தி இருக்கும். திசுவைக் கடந்தபின் எவ்வளவு கலையும் என்ற பத்தி பெரும்பாலும் இருக்காது. அந்த இல்லாத பத்திக்காகத்தான் நான் வாதாடுகிறேன்.

வைர நானோதுகளையும் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். வைரத்தில் நைட்ரஜனும் ஒரு வெற்றிடமும் சேர்ந்த குறையின் நுண்ணலை அதிர்வு, 2.87 கிகாஹெர்ட்ஸ், ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 74 கிலோஹெர்ட்ஸ் கீழே நகர்கிறது. 2013இல் ஹார்வர்டில் ஒரு செல்லுக்குள் வைரத்தையும் தங்கத் துகளையும் சேர்த்து வைத்து, தங்கத்தால் சூடாக்கி வைரத்தால் அளந்தார்கள். அற்புதமான வேலை. பச்சை லேசரும் நுண்ணலையும் வேண்டும் என்பதால் திசுவின் ஆழத்துக்கு அது உதவாது.

அடுத்து அந்தச் சிவப்பு அடிக்கோடு. நியோடிமியமே சூடாக்கவும் செய்யும் என்றால் இன்னொரு துகள் எதற்கு? இதை ஒதுக்கித் தள்ள முடியாது. 2015இல் மாட்ரிட் குழுவினர் நியோடிமியத்தை மிக அதிகமாகக் கலந்த லாந்தனம் புளோரைடை எலியின் கட்டிக்குள் செலுத்தி, ஒரே 808 லேசரால் சூடாக்கி, அதே துகளின் ஒளியால் கட்டிக்குள் இருந்த வெப்பநிலையை வாசித்தார்கள். தோலின்மேல் கேமரா சொன்னதும் உள்ளே துகள் சொன்னதும் ஒன்றாக இல்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒரே துகளுக்கான மிக வலுவான சாட்சி இது.

இருந்தும் நான் இரண்டு துகள் என்றே சொன்னேன். ஒரு ஃபோட்டானை ஒரு முறைதான் செலவழிக்க முடியும். ஒளியாக வெளியே போனது வெப்பமாகாது, வெப்பமானது வெளியே வராது. சூடு கூட வேண்டுமென்று நியோடிமியத்தை நெருக்கிக் கலந்தால், அயனிகள் ஆற்றலைத் தமக்குள் பங்கிட்டு ஒளியை அணைத்துவிடுகின்றன. அப்போது நமக்குத் தேவையான 35 லட்சம் ஃபோட்டான் வந்து சேர இன்னும் நேரமாகும். குறைவாகக் கலந்தால் ஒளிரும், ஆனால் சூடாகாது. அடுப்பும் வெப்பமானியும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுகின்றன.

ஒரே துகளை ஆதரிப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இது: சூடாக்கும் துகளின்மேலேயே வெப்பமானி இருந்தால்தான் உண்மையான சூடு தெரியும். அவளும் இதையே சொன்னாள். தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். பத்தாயிரம் சதுர நானோமீட்டர் அளவுக்கு ஒளியை உறிஞ்சும் ஒரு தங்க நானோகோல்மீது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வாட் தொடர் லேசர் பட்டால், அது தன்னைச் சுற்றிய நீரைவிட எவ்வளவு கூடுதல் சூடாக இருக்கும்? விடை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவள் நம்பாமல் இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தாள். நானோ அளவில் வெப்பம் அவ்வளவு வேகமாக ஓடிவிடுகிறது. கட்டி 45 டிகிரிக்குப் போவது கோடானுகோடித் துகள்கள் சேர்ந்து ஊரையே சூடாக்குவதால். அதனால் வெப்பமானி, அடுப்பின் மடியில் உட்கார வேண்டியதில்லை. அதே தெருவில் எங்கே இருந்தாலும் ஒரே சூட்டைத்தான் படிக்கும். மிகக் குறுகிய துடிப்பு லேசரில் கதை வேறு, ஆனால் அவளிடம் இருப்பது தொடர் லேசர்.

ஒரே துகளுக்குச் சாதகமாக உண்மையில் நிற்கும் காரணம் ஒன்று உண்டு. ரத்தத்தில் செலுத்தினால் இரண்டு வகைத் துகள்கள் இரண்டு வழியாகப் போகலாம், வெப்பமானி ஓரிடத்திலும் அடுப்பு வேறிடத்திலும் தங்கிவிடலாம். ஆனால் ரத்தத்தில் செலுத்தும் எந்தத் துகளும் பெரும்பாலும் ஈரலுக்கும் மண்ணீரலுக்கும்தான் போகிறது. 2016இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது செலுத்திய அளவில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம் என்று தெரிந்தது. அந்தச் சிக்கலை அவள் முனைவர் பட்டத்துக்குள் தீர்க்கப்போவதில்லை. நேரடியாகக் கட்டிக்குள் ஊசி போடும் நிலையில் இரண்டையும் கலந்து ஒரே ஊசியில் போடலாம்.

அடுப்பைத் தேர்ந்தெடுப்பது இதன்பிறகு எளிதாயிற்று. வெப்பமானி எது என்று தீர்ந்தபின், அதன் கோடுகளைக் கெடுக்காத அடுப்பு வேண்டும் என்ற ஒரே நிபந்தனைதான் மிச்சம். இண்டோசயனின் பச்சை மலிவானது, 1959 முதல் அமெரிக்காவில் மருத்துவ அனுமதி பெற்றது, கண் மருத்துவர்கள் தினமும் பயன்படுத்துவது. நானும் முதலில் அதையே நினைத்தேன். ஆனால் அதன் சொந்த ஒளிர்வு 830 அருகே உச்சம் கண்டு வால்போல 863க்குள் நீள்கிறது. லேசரில் வெளுத்துக்கொண்டே வேறு போகும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் ஒரு பின்னணியின்மேல் 0.075 சதவீதத்தை யார் அளப்பது?

தங்க ஓட்டுத் துகள், மணல்போன்ற சிலிக்கா உருண்டையின்மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தியது. ஏறக்குறைய 150 நானோமீட்டர் பருமன். ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஹாலாசும் வெஸ்ட்டும் வளர்த்தெடுத்தது. மனிதர்வரை போனது இதுதான்: 2019இல் வெளியான சோதனையில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேரில் 15 பேருக்குத் திட்டமிட்ட சிகிச்சையைச் செய்து முடிக்க முடிந்தது. நோயாளியை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுப்பதென்றால் இதுவே முன்னால் நிற்கும். ஆனால் ஓட்டைச் சீராக வளர்ப்பது கைப்பழக்கம் வேண்டிய வேலை. முதலாண்டு மாணவிக்கு ஓராண்டை விழுங்கிவிடும்.

நானோகோலை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நீளம் அகலத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தால் உறிஞ்சல் 800 நானோமீட்டர் பக்கம் வந்துவிடும். அதை வளர்க்கும் சீடேப் என்ற சோப்பு செல்களுக்கு நஞ்சு. அதைக் கழுவி நீக்கி வேறு பூச்சு போட்டாக வேண்டும், இதில் சோம்பல் கூடாது. இன்னொரு சின்ன விஷயம்: அந்தச் சோப்பு 25 டிகிரிக்குக் கீழே படிகமாகிவிடும். ஏசி அறையில் வெண்மையாக உறைந்து நிற்கும் குப்பியைப் பார்த்து வேதிவினை கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம் வைத்தாலே தெளிந்துவிடும்.

நானோகோலின் உறிஞ்சல் பட்டை அகலமானது. அதன் சரிவு 863, 885 இரண்டின்மீதும் விழும், இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். இது உண்மையான குறை. ஆனால் கோல்கள் உருமாறாதவரை இந்தக் கெடுதல் மாறாத ஒரு பெருக்கல் எண். லேசரை மிகக் குறைந்த திறனில் வைத்து, திசு 37 டிகிரியில் இருக்கும்போது ஒரு விகிதம் எடுத்து வைத்துக்கொண்டு, பின்னால் வருவதையெல்லாம் அதனால் வகுத்துவிட்டால் போதும். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்ய வேண்டும். முன்னதும் பின்னதும் ஒத்துப்போகாவிட்டால் அன்றைய எண்களைத் தூக்கிப்போட்டுவிட வேண்டும். இதை அவளிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளாத குறையாகச் சொன்னேன்.

கோழிக் கறியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அதில் ரத்தம் ஓடுவதில்லை. 1948இல் பென்னெஸ் மனிதரின் முன்கையை அளந்து எழுதிய சமன்பாட்டில், ஓடும் ரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதற்குத் தனி உறுப்பே உண்டு. கறித்துண்டில் 45 வரை ஏறும் அதே லேசர் உயிருள்ள திசுவில் அவ்வளவு ஏற்றாது. கோழிக் கறியில் கிடைத்த சூட்டைக் காட்டிச் சிகிச்சை என்று எழுதக் கூடாது. கோழிக் கறி வெப்பமானியைச் சோதிக்க மட்டும்.

இதில் நான் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவை மூன்று ஆண்டுகள் அதே களியக்காவிளை வழியாக அழைத்துப் போனவன் நான். அதிகாலைப் பஸ்ஸில் ஸ்கேன் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். தங்கத்தை ஊசியாகப் போட்டு ஒளியால் குணப்படுத்துகிறார்களாமே, திருவனந்தபுரத்தில் கிடைக்குமா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். பக்கத்து இருக்கையில் யாரோ செய்தித்தாளில் படித்துச் சொன்னது. அப்போது கிடைக்கவில்லை. இன்றும் அது சோதனை அளவில்தான் நிற்கிறது. அந்தப் பஸ்ஸில்தான் இவள் தினமும் போகிறாள். இவள் எழுதும் ஒரு எண் நாளை அங்கே யாருடைய காதிலாவது விழும்.

"அப்படியானால் தலைப்பில் சிகிச்சை என்ற சொல்லையே எடுத்துவிடட்டுமா மாமா?" என்று கேட்டாள். எடுத்துவிடு மக்களே என்றேன். எடுத்துவிட்டாள்.

கடைசியில் தாளில் எழுதியது: வெப்பமானி, மிதமாக நியோடிமியம் கலந்த லாந்தனம் புளோரைடு. அடுப்பு, தங்க நானோகோல். லேசர், இருக்கும் 808. வாங்க வேண்டியது லேசரின் சிதறிய ஒளியைத் தடுக்கும் 850 நானோமீட்டர் வடிகட்டி ஒன்று மட்டும். முதல் ஆறு மாதம் நானோகோலைத் தொடுவதே இல்லை. நியோடிமியத் துகளை அகரோஸில் வைத்து, பக்கத்தில் ஒளியிழையைச் செருகி, நீர்த்தொட்டியில் 30 முதல் 55 டிகிரி வரை ஏற்றியும் இறக்கியும் அளவுத்திருத்தம். பிறகு அதன்மேல் கோழிக் கறியை 2, 4, 6, 8 மில்லிமீட்டர் தடிமனில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் விகிதம் எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. 4 மில்லிமீட்டரில் அரை டிகிரிக்குள் நின்றால் நானோகோலைச் சேர்க்கலாம். நிற்காவிட்டால் இந்தக் கோடுகளை விட்டுவிட்டு நியோடிமியத்தின் 1060 நானோமீட்டர் ஒளிக்குப் போக வேண்டியதுதான். அதற்கான உணர்விக்கு விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைக்கிறாள்.